வடமகுடத்தில் தோன்றிய புதுமீன்

வானத்து மீன்களை எண்ண முடியாது என்பது உலக வழக்கு. ஆயினும், கருவியின் துணையின்றி வெறுங்கண்ணால் ஓரிடத்தில் நின்று ஒரு வேளையில் காணத்தக்க மீன்கள், மிகத் தெளிந்த இரவிலும், மூவாயிரத்தை ஒட்டியனவே. அவற்றை எண்ணலாம், பெயரிடலாம், படமாக வரைந்து வைக்கலாம். அவ்வாறு வரைந்து வைத்தவரே, அப்படத்தில் இல்லாத மீனொன்று ஒருநாள் தோன்றும்போது, அது புதியது எனத் துணிந்து கூற வல்லவர் ஆவர். பழையதை அறியாதவர்க்குப் புதியது புலப்படுவதில்லை. இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்று அறிவியலில் உண்டு. வடமகுடம் என்னும் சிறு விண்மீன் கூட்டத்தில் 1866ஆம் ஆண்டும் 1946ஆம் ஆண்டும் தோன்றி மறைந்த ஒரு மீனின் வரலாறு அது.

பெயர் வந்த வகை

1572ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காசியோப்பியா என்னும் கூட்டத்தில் பேரொளியுடன் ஒரு மீன் தோன்றியது. டென்மார்க் நாட்டு வானியல் அறிஞர் டைக்கோ பிராகி அதனை அளந்து ஆராய்ந்து, 1573இல் ‘புதிய விண்மீனைப் பற்றி’ என்னும் பொருள்படும் இலத்தீன் நூலை வெளியிட்டார். இலத்தீனில் புதியது என்பதைக் குறிக்கும் ‘நோவா’ என்னும் சொல்லே பின்னர் இத்தகைய மீன்களுக்குப் பொதுப்பெயர் ஆயிற்று. சீன நாட்டார் இவற்றை விருந்தினர் விண்மீன் என்று வழங்கினர். சில நாள் தங்கிச் செல்வது விருந்தினர் இயல்பாதலின், அப்பெயர் இன்னும் பொருத்தமுடையது எனலாம்.

டைக்கோ கண்டது ஒரு விண்மீன் முழுமையாக வெடித்துச் சிதறிய பெருநோவா என்று பிற்கால ஆய்வு காட்டியது. நோவா அவ்வாறு அழிவதில்லை. அது பொங்கி எழுந்து, பின் அடங்கி, பழைய நிலைக்கே திரும்பும். இவ்வேறுபாட்டை உலகம் அறிய மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வறிவுக்கு வழிகாட்டிய மீன்களுள் வடமகுடத்து மீன் தலையாயது.

அயர்லாந்தில் ஓர் இரவு

1866 மே மாதம் 12ஆம் நாள். அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் டூவம் நகரை அடுத்த மில்புரூக் என்னும் ஊரில் ஜான் பர்மிங்காம் என்னும் நிலக்கிழார் வாழ்ந்து வந்தார். கவிதை எழுதுவதிலும், நிலவியலிலும், வானத்தை நோக்குவதிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. அன்றிரவு நண்பர் வீட்டிலிருந்து தம் இல்லத்திற்கு நடந்து திரும்புகையில், அவர் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார். அரைவட்டமாக அமைந்த வடமகுடத்தின் அருகே, முன்னொருபோதும் இராத ஒளிமீன் ஒன்று இருந்தது.

மீனின் ஒளியை வானியலார் தர எண்ணால் குறிப்பர். எண் குறையக் குறைய ஒளி மிகும். வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை ஏறத்தாழ ஆறாம் தரம். பர்மிங்காம் கண்ட மீனோ இரண்டாம் தரத்தது. மகுடத்தின் தலைமணியாகிய அல்பெக்கா என்னும் மீனுக்கு நிகராக ஒளிர்ந்தது. அவரிடம் அப்போது கருவி எதுவும் இல்லை. அக்கூட்டத்தின் வடிவம் அவர் உள்ளத்தில் பதிந்திருந்தது. அதுவே அவருக்குக் கருவியாயிற்று. அதே வழியில் அன்று நடந்த வேறெவரும் அம்மீனைக் கண்டிருக்கலாம். ஆனால் அது புதியது என்று அறிந்திருக்க இயலாது.

பர்மிங்காம் இச்செய்தியை இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதினார். அம்மடல் வெளியாகவில்லை. அவர் அத்துடன் அமைந்துவிடாமல், இலண்டனில் வாழ்ந்த வில்லியம் ஹக்கின்ஸ் என்னும் ஆய்வாளருக்கும் எழுதினார். அவ்விரண்டாம் மடலே வானியல் வரலாற்றில் புதிய இயலைத் தொடங்கி வைத்தது.

ஒளியைப் பகுத்த இருவர்

ஹக்கின்ஸ் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். துணி வணிகக் குடும்பத்தில் பிறந்து, வணிகத்தை விட்டு விலகி, இலண்டனின் டல்ஸ் ஹில் பகுதியில் தம் இல்லத்திலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டவர். கிர்ச்சாஃப், புன்சன் என்னும் செருமானிய அறிஞர் இருவர் 1859, 1860ஆம் ஆண்டுகளில் ஒளியைப் பகுத்துப் பொருளை அறியும் முறையை வகுத்திருந்தனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை நிறமாலையில் வரைந்து காட்டும். கைநாட்டைக் கண்டு ஆளை அறிவதுபோல, கோட்டைக் கண்டு தனிமத்தை அறியலாம். கிங்ஸ் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வில்லியம் மில்லர் துணையுடன் இம்முறையை விண்மீன்களுக்குப் பயன்படுத்தி வந்தார் ஹக்கின்ஸ்.

பர்மிங்காமின் மடல் மே 16ஆம் நாள் அவர் கைக்குக் கிட்டியது. அன்றிரவே ஹக்கின்சும் மில்லரும் தொலைநோக்கியை வடமகுடத்தின்பால் திருப்பினர். ஒரு நோவாவின் நிறமாலையை மனிதர் கண்டது அதுவே முதன்முறை. அவர்கள் கண்ட காட்சி வியப்புக்குரியது. கதிரவன் முதலிய விண்மீன்களில் இருப்பதுபோல் கருங்கோடுகள் ஊடறுத்த நிறமாலை ஒன்று தெரிந்தது. அதன்மீதே ஒளிமிக்க கோடுகள் சில தனியே சுடர்ந்தன. ஒளிக்கோடுகள் வெம்மைமிகு வாயுவுக்கு உரியவை. அவற்றுள் ஹைட்ரஜனின் கோடுகள் தெளிவாக விளங்கின. விண்மீனிலிருந்து வாயு பெருமளவில் வெளிப்பட்டு எரிகின்றது என்று இருவரும் முடிவு செய்தனர்.

எரிதல் என்று அவர்கள் கருதியது, விறகு எரிவது போன்ற வேதியியல் மாற்றத்தையே. அணுவின் உட்கரு அன்று அறியப்படவில்லையாதலின், அதற்குமேல் அவர்கள் எண்ணியிருக்க இயலாது. ஆயினும் வாயு பொங்கி எழுந்தது என்பதும், அதில் ஹைட்ரஜன் மிகுந்திருந்தது என்பதும் இன்றளவும் நிலைத்து நிற்கும் உண்மைகள். விளக்கம் மாறலாம், நேர்மையாக எழுதி வைத்த காட்சி மாறாது.

பழைய ஏடுகளின் சான்று

அம்மீன் நாளுக்கு நாள் ஒளி குன்றியது. ஒரு வாரம் கடந்த அளவில் வெறுங்கண்ணுக்கு மறைந்தது. அதற்குள் ஐரோப்பிய வானியலாரிடையே இரு வினாக்கள் எழுந்தன. அது எப்போது தோன்றியது? அது தோன்றுமுன் அவ்விடத்தில் என்ன இருந்தது? இவ்விரண்டிற்கும் விடை தந்தவை, புதுமீனைக் காணாதவர்கள் எழுதி வைத்த குறிப்புகளே.

முதல் வினாவுக்கு விடை ஏதென்சிலிருந்து வந்தது. அந்நகர் வான்நோக்ககத்தின் தலைவர் யூலியஸ் ஷ்மிட் அதே இரவில், பர்மிங்காம் காண்பதற்குச் சில மணி நேரம் முன்னர், அதே பகுதியை நோக்கியிருந்தார். அப்போது அங்குக் குறிப்பிடத்தக்க புதுமீன் எதுவும் இல்லை என்று அவர் உறுதிபடக் கூறினார். அதனால், மீனின் ஒளி சில மணி நேரத்திற்குள் பன்மடங்கு பெருகிற்று என்னும் உண்மை வெளிப்பட்டது. ‘ஒன்றும் இல்லை’ என்னும் குறிப்பும் அறிவியலில் ஒரு கண்டுபிடிப்புக்கு ஒப்பாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் வினாவுக்கு விடை செருமனியின் பான் நகரிலிருந்து கிடைத்தது. ஆர்கெலாண்டர் என்னும் அறிஞர் தம் துணைவர்களுடன் வடவானத்து மீன்கள் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டிருந்தார். அதே இடத்தில் 9.5ஆம் தரத்து மங்கல் மீன் ஒன்று முன்னரே பதிவாகியிருந்தது. எனவே, புதுமீன் புதியதன்று. தொலைநோக்கிக்கு மட்டும் தெரிந்த பழைய மீனே திடீரெனப் பொங்கியது. நோவா என்பது பிறப்பன்று, எழுச்சி என்னும் கருத்து இப்பட்டியலால் வலுப்பெற்றது. ஆர்கெலாண்டர் வகுத்த முறைப்படி மாறொளி விண்மீன்கள் ‘ஆர்’ என்னும் எழுத்திலிருந்து பெயர் பெறும். அவ்வகையில் வடமகுடத்தின் மூன்றாவது மாறொளி மீனாகிய இதற்கு ‘டி’ என்னும் எழுத்து அமைந்தது. பின்னாளில் பர்மிங்காம் செந்நிற விண்மீன்களின் பட்டியல் ஒன்றை உருவாக்கி, 1884இல் அயர்லாந்து அரச கலைக்கழகத்தின் பதக்கம் பெற்றார். அவ்வாண்டே காலமானார். நிலவின் பள்ளம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இருபத்தைந்து ஆண்டுக் காவல்

பொங்கிய மீன் மீண்டும் பொங்குமா? டி மீனைப் பொறுத்தவரை இதற்கு விடை கூற எவராலும் இயலவில்லை. திசைமானி என்னும் தென்வானக் கூட்டத்து நோவா ஒன்று 1890, 1902 ஆகிய இரு ஆண்டுகளிலும், பாம்பாட்டிக் கூட்டத்து நோவா ஒன்று 1898, 1933 ஆகிய இரு ஆண்டுகளிலும் தோன்றின. மீண்டும் வரும் நோவாக்கள் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. வடமகுடத்து மீனும் அவ்வினத்ததாக இருக்கலாம் என்று எண்ணி அதனை இடைவிடாது காவல் செய்தவர்களுள் ஒருவர் லெஸ்லி பெல்டியர்.

பெல்டியர் 1900ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டெல்போஸ் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். முதல் தொலைநோக்கியை வாங்குவதற்கு அவர் மேற்கொண்ட உழைப்பு மாணவர் அறியத்தக்கது. ஸ்ட்ராபெரிப் பழங்களைப் பறித்துத் தந்தால், குவார்ட் என்னும் அளவு ஒன்றுக்கு 2 சென்ட் கூலி. தொலைநோக்கியின் விலை 18 டாலர். ஆகவே 900 குவார்ட் பழங்களைப் பறித்து அதனை வாங்கினார் அச்சிறுவர். 1918இல் அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்திற்குத் தம் முதற்குறிப்பை அனுப்பினார். அவருடைய ஒழுங்கைக் கண்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவல் தந்தது. அவர் தம் வாழ்நாளில் 12 வால்மீன்களைக் கண்டார். 1,32,000க்கு மேற்பட்ட மாறொளி மீன் குறிப்புகளை எழுதினார். தொழில்முறை சாராத வானியலாருள் உலகிலேயே தலைசிறந்தவர் என்று ஹார்லோ ஷாப்லி என்னும் பேரறிஞர் அவரைப் பாராட்டினார்.

அத்தகைய பெல்டியர் டி மீனைத் தெளிந்த இரவுகளிலெல்லாம் நோக்கி வந்தார். ஒன்பதாம் தரத்திற்கும் பத்தாம் தரத்திற்கும் இடையே அது மங்கிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே எண்ணையே எழுத வேண்டியதாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

1946 பிப்ரவரி

1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒருநாள், விடியற்காலை மீன்களை நோக்குவதற்காக இரண்டரை மணிக்கு எழுப்பும்படி கடிகாரத்தில் மணி வைத்திருந்தார் பெல்டியர். எழுந்து பார்த்தார், வானம் தெளிவாகவே இருந்தது. ஆனால் உடல் நலங்குன்றி, சளி பிடிக்கும் அறிகுறி தென்பட்டது. பனிக்கால இரவின் குளிரில் வெளியே செல்லாது படுக்கைக்குத் திரும்பினார். அந்த இரவில்தான் வடமகுடத்து மீன் பொங்கியது. எண்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த விருந்தினர் வாயிலில் நின்றபோது, இருபத்தைந்து ஆண்டு காத்திருந்தவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

அதனை முதலில் கண்டோர் வேறு சிலர். சோவியத் நாட்டில் இருப்புப்பாதைப் பணியாளர் காமென்சுக் என்பவர் கண்டார். இங்கிலாந்தில் நைட் என்னும் ஆர்வலர் கண்டார். அமெரிக்காவின் யெர்க்ஸ் வான்நோக்ககத்தில் ஆர்மின் டாய்ச் என்னும் வானியலார் பிப்ரவரி 9ஆம் நாள் காணும்போது அது மூன்றாம் தரத்தை ஒட்டி ஒளிர்ந்தது. வேல்சு நாட்டில் பதினைந்து அகவைப் பள்ளி மாணவர் ஒருவரும் தம் வீட்டுச் சன்னல் வழியே அதனைக் கண்டு, அரச வானியலாருக்கு மடல் எழுதினார். இவர்களுள் எவரும் அம்மீனுக்காகக் காத்திருந்தவர் அல்லர். ஆயினும் வடமகுடத்தின் வடிவத்தை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

பெல்டியர் இந்நிகழ்ச்சியை 1965இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி எழுதினார். தவறு தம்முடையதே என்றும், அதன்பின் அம்மீனுக்கும் தமக்கும் இடையே பழைய அன்பு இல்லை என்றும் நகைச்சுவையும் துயரமும் கலந்த நடையில் குறிப்பிட்டார். படிப்போர் பலர் இதனை நல்வாய்ப்பை இழந்த ஒருவரின் கதையாகவே நினைவிற் கொள்கின்றனர். அது முழு உண்மையன்று.

இரட்டை விண்மீன்

மீன் பொங்குவதன் காரணம் 1946க்குப் பின்னரே புலப்பட்டது. மவுண்ட் வில்சன் வான்நோக்ககத்தின் சான்ஃபோர்டு 1949இல், டி மீன் தனிமீனன்று, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை என்று காட்டினார். அது ஒருமுறை சுற்றிவர 227 நாட்களுக்குச் சற்று மேல் ஆகும் என்று ராபர்ட் கிராஃப்டு 1958இல் நிறுவினார். இதற்கிடையே 1954இல் மெர்ல் வாக்கர் என்பவர், 1934ஆம் ஆண்டு நோவாவாக எழுந்த வேறொரு மீனும் இரட்டையே என்று கண்டறிந்தார். நோவாவுக்கு இருவர் தேவை என்பது மெல்ல மெல்ல உறுதியாயிற்று.

அவ்விருவருள் ஒன்று வயது முதிர்ந்து பருத்த சிவப்புப் பெருமீன். மற்றொன்று வெண்குள்ளன் எனப்படும் விண்மீன். அது தன் எரிபொருள் தீர்ந்து சுருங்கியது. பூமியளவே பருமனும் கதிரவனை விஞ்சும் எடையும் உடையது. பெருமீனின் புறத்தே உள்ள ஹைட்ரஜன் வாயுவை வெண்குள்ளன் தன் ஈர்ப்பால் இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொள்கின்றது. ஆண்டுதோறும் அப்போர்வை கனத்து, அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. ஓர் எல்லையைத் தாண்டியதும் ஹைட்ரஜனில் அணுக்கருப் பிணைப்பு தொடங்கிக் கட்டுக்கடங்காது பரவுகின்றது. போர்வை முழுவதும் வெடித்து விண்வெளியில் வீசப்படுகின்றது. பத்தாம் தரத்து மீன் இரண்டாம் தரத்திற்கு உயர்வதென்றால், அதன் ஒளி 1,500 மடங்கிற்கு மேல் பெருகுகின்றது என்று பொருள். வெடித்த பின்னரும் வெண்குள்ளனும் பெருமீனும் அழியாமல் நிற்கின்றன. போர்வை மீண்டும் சேரத் தொடங்குகின்றது. ஹக்கின்ஸ் 1866இல் கண்ட ஹைட்ரஜன் கோடுகள் இவ்வாறு வீசப்பட்ட வாயுவின் ஒளியே.

எண்பது ஆண்டுக் கணக்கு

1866க்கும் 1946க்கும் இடையே எண்பது ஆண்டுகள். இக்கணக்கைப் பின்னோக்கிச் செலுத்திப் பழைய ஏடுகளை ஆராய்ந்தார் அமெரிக்க வானியலார் பிராட்லி ஷேஃபர். 1217ஆம் ஆண்டு செருமனியின் உர்ஸ்பெர்க் மடத்துத் தலைவர் பர்ச்சார்டு, மகுடக் கூட்டத்தில் மங்கலாக இருந்த மீனொன்று பேரொளி பெற்றுப் பல நாள் ஒளிர்ந்து அடங்கியதை எழுதியிருந்தார். 1787ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேய வானியலார் பிரான்சிஸ் வொல்லாஸ்டன் அதே இடத்தில் ஒரு மீனைக் குறித்திருந்தார். இவ்விரண்டும் டி மீனின் முந்தைய எழுச்சிகளே என்று ஷேஃபர் 2023இல் எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த துறவி ஒருவரின் குறிப்பு, தொலைநோக்கி தோன்றாத காலத்தது, இன்றைய ஆய்வுக்குச் சான்றாகி நிற்கின்றது.

அடுத்த எழுச்சியை முன்கூட்டிக் கணிக்கும் முயற்சிக்கும் பழைய குறிப்புகளே அடித்தளம் ஆயின. 1938 அளவில் டி மீனின் ஒளி சற்று உயர்ந்தது, 1945இல் வழக்கத்தைவிடத் தாழ்ந்தது, 1946இல் பொங்கியது. 2015 முதல் அதே போன்ற உயர்வும், 2023இல் அதே போன்ற தாழ்வும் காணப்பட்டன. எனவே எழுச்சி 2024இல் நிகழக்கூடும் என்று ஆய்வாளர் அறிவித்தனர். உலகெங்கும் தொலைநோக்கிகள் ஆயத்தமாயின. ஆயின் 2024 எழுச்சியின்றியே கழிந்தது. ஏறத்தாழ 3,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மீன் மனிதரின் நாட்காட்டிக்கு இணங்கி நடக்கும் கடமையுடையதன்று.

1938 முதல் 1945 வரையிலான அவ்வொளி மாற்றம் எவ்வாறு தெரியவந்தது? பெல்டியரும் அவர் போன்ற ஆர்வலரும் இரவுதோறும் எழுதிச் சங்கத்திற்கு அனுப்பிய எண்களாலேயே தெரியவந்தது. ஏறத்தாழ ஒரே எண்ணை ஆயிரம் முறை எழுதிய அக்குறிப்புகள் இல்லையேல், எழுச்சிக்கு முன் மீன் எவ்வாறு இருந்தது என்பதை எவரும் அறிய இயலாது. பெல்டியர் இழந்தது ஓர் இரவு. அவர் உலகுக்கு வழங்கியவை ஏனைய இரவுகள் அனைத்தும். கண்டுபிடித்தவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கண்டுபிடிப்புக்குப் பொருள் தந்தவர் பட்டியலில் அவர் பெயர் முன்னிற்கும்.

மாணவர் காணத்தக்க மகுடம்

வடமகுடம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நன்கு காணத்தக்க கூட்டம். ஜூலை மாத இரவுகளில் ஒன்பது மணி அளவில் வடக்கு நோக்கி நின்று உச்சியை ஒட்டிப் பார்த்தால், பொன்னிறம் கலந்த சுவாதி மீன் சற்று மேற்கே தெரியும். வடகிழக்கே வெண்ணிறமாக அபிஜித் ஒளிரும். சுவாதியிலிருந்து அபிஜித்தை நோக்கிச் செல்லும் வழியில், மூன்றில் ஒரு பங்குத் தொலைவில், கிண்ணம் போல வளைந்து ஏழு மீன்கள் நிற்கும். நகரின் விளக்கொளியில் அல்பெக்கா மட்டுமே புலப்படலாம். தோட்டப்புறத்திலும் கடற்கரையிலும் முழு வளைவும் தெரியும். அவ்வளைவின் கிழக்கு ஓரத்திற்கு வெளியே, வெறுங்கண்ணுக்கு வெற்றிடமாகத் தோன்றும் ஓரிடத்தில் இருக்கின்றது டி மீன்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். அவ்வளைவை மாணவர் தம் கையால் வரையட்டும்; நாளும் நேரமும் இட்டு, கண்ட மீன்களைக் குறிக்கட்டும்; புதியது எதுவும் இல்லையாயின், இல்லை என்றே எழுதட்டும். பர்மிங்காமிடம் இருந்ததும், ஷ்மிட் அளித்ததும், பெல்டியர் வாழ்நாள் முழுதும் சேர்த்ததும் இத்தகைய அறிவே. வானத்தில் இருப்பதை நன்கு அறிந்தவன் கண்ணுக்கே, வருவது வந்த அன்றே தெரியும்.